தாயாவதும் தவிர்ப்பதும்



2016ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், வடமேல் மாகாணத்து ஊரொன்றில் முதலாம் வகுப்பிற் சேரவேண்டிய ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. அவன் தந்தை எய்ட்ஸ் நோயினால் இறந்தார் என ஊரில் எழுந்த வதந்தியே அதற்குக் காரணம். சிறுவனுக்குத் தொற்று இல்லையெனப் பரிசோதனை காட்டிய பின்னரும் ஊர் நம்பவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்ட பாடசாலையிலிருந்து ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளைக் கையோடு அழைத்துச் சென்றனர். ஈற்றில், எங்கள் கண்டி நகரத்துத் திரித்துவக் கல்லூரி அவனுக்கு இடமளிக்க முன்வந்தது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் கல்வியுரிமையை அரசு காத்தல் வேண்டும் என்பதை அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

அந்நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். கல்லூரியின் செயலைப் பாராட்டியவர் பலர், ஐயுற்றவர் சிலர். பேச்சினிடையே மூத்த ஆசிரியை ஒருவர், "பிள்ளையை விடுங்கள் டீச்சர். இந்த நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறலாமா? அவர்களுக்கெல்லாம் கருத்தடை செய்துவிட வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கொடுமனம் படைத்தவர் அல்லர். மாணவர் பசித்திருந்தால் தம் சோற்றுப் பொதியைப் பிரித்துக் கொடுப்பவர். ஆகவேதான் அவர் கேள்வி என்னை உறுத்தியது. அன்று அதற்கு விடை கூறும் அறிவு என்னிடம் இருக்கவில்லை. விடை தேடி நூல்களைப் புரட்டியபோது, இக்கேள்வி எய்ட்ஸ் நோயைவிடப் பழையது என்பதைக் கண்டேன். அதன் வேர், நான் பிறந்து வளர்ந்த மலைநாட்டுத் தோட்டங்களிலும் ஓடியிருந்தது.

இலங்கையில் கருத்தடையின் கதை ஒரு கனேடிய மாதுடன் தொடங்குகின்றது. மேரி இர்வின் என்னும் அவ்வைத்தியர் 1896ஆம் ஆண்டில் மிஷன் பணிக்காக இந்நாடு வந்தார். இரத்தினம் என்னும் தமிழரை மணந்தார். மேரி இரத்தினம் ஆனார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்து நாட்டுப்புறப் பெண்களை ஒன்றுகூட்டினார். 1937ஆம் ஆண்டில் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி அச்சபையின் முதற் பெண் உறுப்பினர் என்ற பெயரும் பெற்றார். அதே ஆண்டிலே கொழும்பில் ஒரு குடும்பக்கட்டுப்பாட்டு நிலையத்தையும் திறந்தார். கருத்தடை என்ற சொல்லை நாலுபேர் முன்னிலையில் உச்சரிக்கவும் கூசிய காலம் அது. எதிர்ப்பு வலுத்தது, நிலையம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும், அடுத்தடுத்த பேறுகளால் நைந்துபோன பெண்களைத் தம் கண்ணாற் கண்டவர் மேரி அம்மையார். அவர் கருத்தடையை நாட்டின் தேவையாக எண்ணித் தொடங்கவில்லை. தம் முன் அமர்ந்த நோயாளியின் தேவையாகவே எண்ணித் தொடங்கினார். 1958ஆம் ஆண்டில் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

பின்வந்தோர் வேறு கணக்குப் போட்டனர். 1952ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாயில் நடைபெற்ற மாநாட்டில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கரும் இந்தியாவின் தன்வந்தி ராமா ராவும் முன்னின்று அனைத்துலகக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பை உருவாக்கினர். அதன் அலை இலங்கைக் கரையைத் தொட, 1953 ஜனவரியில் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் பிறந்தது. 1958இல் சுவீடன் அரசும் இலங்கை அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுக்காக உதவிய முதல் ஒப்பந்தம் இதுவே என்பர். முன்னோடித் திட்டத்தை நடத்த இரண்டு இடங்கள் தெரிவாயின. ஒன்று, தென்மேற்குச் சமவெளியிலுள்ள பண்டாரகமை. மற்றது எது தெரியுமா? அக்கரப்பத்தனைப் பக்கத்து டயகம தேயிலைத் தோட்டம்.

ஏன் ஒரு தோட்டம்? தோட்டத்து மக்கள் ஓரிடத்தில் வாழ்பவர்கள். லயத்தில் எத்தனை காம்பரா, காம்பராவில் எத்தனை பேர் என்பதெல்லாம் பேரேட்டில் உள்ளவை. மருந்து கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒரே நிருவாகத்தின் கீழ் உள்ளவர்கள். ஆய்வு நடத்துவோருக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிட்டாது. ஆனால் அந்த வசதியே ஆபத்தும் ஆகும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுபவரின் சொல்லைத் தட்ட முடியாத ஒருத்தி, மருந்துச்சாலையில் மட்டும் தன் விருப்பத்தைத் துணிந்து கூறுவாள் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

தோட்டத்துப் பெண்ணின் கருப்பையைப் பிறர் கணக்கிட்டது அத்திட்டத்துடன் தொடங்கியதுமன்று. ஆட்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்த வரையில், தோட்டத்தில் எத்தனை பிள்ளை பிறக்கின்றது என்பது எவர்க்கும் பெரிய பொருளாகத் தோன்றவில்லை. 1939இல் இந்திய அரசு அப்போக்குவரத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் இங்கே மகப்பேற்று நன்மைக் கட்டளைச் சட்டமும் வந்தது. இனி வருங்காலத் தொழிலாளர் இங்குள்ள லயங்களிலேயே பிறந்தாக வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் காற்று எதிர்த்திசையில் வீசியது. நாடற்றவராக்கப்பட்ட மக்களின் தொகை பெருகுவது பலருடைய அச்சத்துக்குப் பொருளாயிற்று. கையை எண்ணினாலும் வாயை எண்ணினாலும், அந்தப் பெண்ணின் மனத்தை எண்ணியவர் எவருமிலர்.

1965இல் குடும்பக்கட்டுப்பாடு அரசின் கொள்கையாகி, தாய்சேய் நலப் பணியுடன் இணைந்தது. இதனால் நாடு பெற்ற நன்மை பெரிது. அதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும். வீடு வீடாக நடந்த மருத்துவ மாதர்கள் தாய்மாரின் மரணத்தைத் தடுத்தனர். விரும்பியவர்க்கு மாத்திரையும் லூப்பும் கிடைக்கச் செய்தனர். ஆயினும் எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், மலைநாட்டில் ஒரு முறையே ஏனையவற்றை விஞ்சி நின்றது. அதுதான் பெண்ணுக்குச் செய்யும் நிரந்தர அறுவைச் சிகிச்சை. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியில் அதன் விகிதம் மிகுந்திருந்ததைப் பின்வந்த கணக்கெடுப்புகள் காட்டின. எண்பதுகளின் தொடக்கத்தில் அறுவை செய்துகொள்வோருக்கு 500 ரூபா வரை ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. கொழுந்து பறித்து நாட்கூலி பெறும் குடும்பத்தில் 500 ரூபா என்பது மலைபோன்ற தொகை.

அத்தொகையை நான் அறிவேன். நான் ஐந்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாட் காலை எங்கள் தோட்டத்திற்கு லொறி ஒன்று வந்தது. ஏழெட்டுப் பெண்கள் ஏறினர். அவர்களுள் என் தாயும் ஒருவர். மறுநாள் மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியேறி வந்தார். அப்பணத்தில் எனக்கு ஒரு சோடி சப்பாத்து வந்தது. தம்பிக்குக் காற்சட்டை வந்தது. எஞ்சியது கடைக் கடனுக்குப் போயிற்று. அந்தச் சப்பாத்தோடுதான் நான் புலமைப்பரிசிற் பரீட்சைக்குச் சென்றேன். பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியையான பின், அம்மாவிடம் அந்நாளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. நாலு பிள்ளையாயிற்று. கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். யாரும் கேட்கவில்லையே, பேரை வாசித்தார்கள், ஏறினோம்" என்றார். அவர் குரலிற் கோபமில்லை. அதனால்தான் இன்றளவும் அச்சொல் என் செவியில் நிற்கின்றது.

இனி எய்ட்ஸ் நோயின் பக்கம் திரும்புவோம். 1986ஆம் ஆண்டு சென்னையில், வைத்தியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், காப்பகமொன்றில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினர். அவை வேலூரிற் சோதிக்கப்பட்டபோதே இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது. மறு ஆண்டு, 1987இல், தொற்றுக்குள்ளான முதல் இலங்கையர் கண்டறியப்பட்டார். எங்கள் நாட்டில் இந்நோய் ஒருபோதும் பெருவாரியாகப் பரவவில்லை. இன்றும் வளர்ந்தோர் ஆயிரவரில் ஒருவருக்கும் குறைவாகவே அது காணப்படுகின்றது. ஆனால் நோய் அரிதாயின், நோயாளி தனியளாகின்றாள். பக்கத்து வீட்டில் இன்னொருத்திக்கு இருந்தால் அவளிடமாவது பேசலாம். இங்கே பேச ஆளில்லை. குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன இரத்தமேற்றல் வழியாகத் தொற்றுக்கு ஆளாகி, அதனை மறைக்காமல் பகிரங்கமாகப் பேசினார். 2004இல் அவர் மறைந்தார். கற்றறிந்த வைத்தியர் ஒருவருக்கே அது துணிச்சலான செயலாயின், தோட்டத்து லயத்திலோ கண்டி நகரத்து வாடகை அறையிலோ வாழும் பெண்ணின் நிலையை நாம் ஊகிக்கலாம். தமிழகத்தில் கௌசல்யா என்னும் பெண்மணி, கணவரிடமிருந்து தமக்குத் தொற்று வந்ததை வெளிப்படையாகக் கூறி, தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி 1998இல் சென்னையில் ஓர் அமைப்பை நிறுவினார். அப்பெண்கள் கூடியபோது எழுந்த பேச்சுகளில் மருந்து மட்டுமன்றி, கணவன் குடும்பத்தார் என்ன சொல்வர், பிள்ளை பெறலாமா என்பனவும் இருந்தன.

இங்குதான் ஒரு நுட்பமான இக்கட்டு எழுகின்றது. எங்கள் நாட்டில் சுகாதாரப் பணி இரு வாயில்களாக வளர்ந்தது. ஒன்று தாய்சேய் நல வாயில். அங்கே மாத்திரை, ஊசி, லூப், அறுவை ஆகியன கிடைக்கும். அங்கு செல்வதிற் கௌரவக் குறைவு இல்லை. மற்றது பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம். அங்கு செல்லும் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே நுழைவாள். ஆணுறை இவ்விரு வாயில்களுக்கும் நடுவே அலைந்தது. 1973ஆம் ஆண்டில் குடும்பத் திட்டச் சங்கம் 'பிரீதி' என்ற பெயரில் அதனைக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் 'மித்துரி' மாத்திரையும் வந்தது. பிரீதி என்றால் மகிழ்ச்சி. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான சொல்லாகத் தேடி வைத்தவர் யாராயினும் கெட்டிக்காரர். அன்று அது குடும்பம் சிறுக்க உதவும் பொருள். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்திலே தட்டில் இருந்தது. எய்ட்ஸ் வந்தபின் அதே பொருளுக்கு வேறொரு நிழல் விழுந்தது. கணவனிடம் ஆணுறை வேண்டுமெனக் கேட்கும் மனைவி, அவன் நடத்தையை ஐயுறுகிறாள் என்றோ, தன் நடத்தையை ஒப்புக்கொள்கிறாள் என்றோ பொருள் கொள்ளப்பட்டது.

கருவையும் தொற்றையும் ஒருங்கே தடுக்க எளிதிற் கிடைக்கும் கருவி இவ்வுறையே. தொற்றுள்ள பெண்ணுக்கு வைத்தியர் முதலிற் கூறுவதும் அதுவே. ஆயின் அதனை அணிபவன் ஆண்; அவன் மறுத்தால் அவளிடம் வேறொன்றும் இல்லை. ஆதலால் ஆணுறையுடன் வேறொரு முறையையும் சேர்த்துக்கொள்ளும் இரட்டைப் பாதுகாப்பை அறிஞர் பரிந்துரைத்தனர். இவ்விடத்தில் மருந்துகளின் உட்பகை குறுக்கிட்டது. எஃபாவிரென்ஸ் என்னும் மருந்து பல ஆண்டுகளாக எச்.ஐ.வி. சிகிச்சையில் முதன்மையாக விளங்கியது. அது ஈரலைத் தூண்டி, தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சியிலிருந்து கசியும் ஹோர்மோனை விரைவாகக் கரைத்துவிடுகின்றது. உகண்டாவில் இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்ற 20 பெண்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அவர்களுள் மூவர் ஓராண்டுக்குள் கருவுற்றிருந்தனர். பாதுகாப்பென நம்பிய குச்சி கையில் இருந்தபடியே இருந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசிக்கு இவ்வாறு நேர்வதில்லை. செம்புக் கம்பி சுற்றிய லூப்புக்கும் நேர்வதில்லை. ஆகவே தாய்சேய் நல வாயிலிற் குச்சி வைப்பவர் அவள் எந்த மருந்து உண்கிறாள் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவள் சொன்னாலன்றோ அறிவார்! சொன்னால் அச்செய்தி ஊருக்குப் போகாது என்ற உறுதி அவளுக்கு இருந்தாலன்றோ சொல்வாள்! வடமேல் மாகாணத்துச் சிறுவனின் கதையைச் செய்தித்தாளிற் படித்த எந்தத் தாய்க்கு அவ்வுறுதி எளிதில் வரும்? பாடசாலையிற் பிறந்த வதந்தி மருந்துச்சாலையில் உண்மையை மறைக்கச் செய்கின்றது. ஆதலால் அச்சம்பவம் எங்கள் ஆசிரியர் அறைக்கு மட்டும் உரிய விடயமன்று.

கருச்சிதைவுச் சட்டத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைக்க இடமளிக்கவில்லை. எச்.ஐ.வி. தொற்று மட்டும் அதற்குக் காரணமாகாது. எனவே வேண்டாத கருவைத் தவிர்ப்பதற்கு அவளுக்குள்ள நேர்வழி கருத்தடையே. அது பிழைத்தால் எஞ்சுவது இருட்டு வழிதான்.

இனி எங்கள் ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். 'இவர்கள் பிள்ளை பெறலாமா?' ஒரு காலத்தில் வைத்தியர் பலரும் வேண்டாமென்றே கூறினர். அதற்குக் காரணமும் இருந்தது. சிகிச்சை யாதும் இல்லாவிடின், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை தொற்றுப் பெறக்கூடும். 1994இல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு இந்நிலையைப் புரட்டியது. கர்ப்ப காலத்திலும் பேற்றின்போதும் தாய்க்கும், பிறந்தபின் சேய்க்கும் சிடோவுடீன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, தொற்று நூற்றுக்கு 25.5 என்ற அளவிலிருந்து 8.3 ஆகக் குறைந்தது. இன்றைய கூட்டு மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரசின் அளவு அடங்கியிருக்கும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவது நூற்றுக்கொன்றிலும் குறைவு. இலங்கையில் 2004 முதல் இம்மருந்துகள் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. கண்டி நகரிலும் அதற்குரிய நிலையம் உண்டு.

அறிவியல் மாறியது, மனம் அதே வேகத்தில் மாறவில்லை. ஆபிரிக்காவின் நமீபியாவில், தொற்றுள்ள மூன்று பெண்கள் தம் முழுச் சம்மதமின்றித் தமக்கு நிரந்தரக் கருத்தடை செய்யப்பட்டதாக வழக்குத் தொடுத்தனர். பேற்று வேதனையில் இருந்தபோது நீட்டிய தாளிற் கையொப்பமிடச் செய்வது சம்மதமாகாது என்பதே வழக்கின் சாரம். 2012இல் மேல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 2014இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தென்னமெரிக்கச் சிலி நாட்டில் இவ்வாறே பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டின் ஜனாதிபதியே மன்னிப்புக் கேட்டார். இச்செய்திகளைப் படித்தபோது என் கண்முன் வந்தது அவ்வூர்களன்று. எங்கள் தோட்டத்து லொறிதான். அங்கே நோயை முன்னிட்டுக் கேளாதிருந்தனர். இங்கே வறுமையை முன்னிட்டுக் கேளாதிருந்தனர்.

கருத்தடையைத் திணிப்பது அறுவைக் கத்தியால் மட்டும் நடப்பதன்று. மருந்துச் சீட்டாலும் நடக்கும். 2018ஆம் ஆண்டு மே மாதம் பொற்சுவானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. டோலுடெக்ராவிர் என்னும் புதிய, வலுவான மருந்தை உண்டுகொண்டே கருவுற்ற 426 பெண்களின் குழந்தைகளுள் நால்வருக்கு முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறை காணப்பட்டது என்பதே அது. உடனே பல நாடுகளில், கருத்தரிக்கும் வயதுள்ள பெண்ணுக்கு அம்மருந்து வேண்டுமாயின் கருத்தடை செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை எழுந்தது. சில இடங்களிற் பெண்ணுக்கு அம்மருந்தே மறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், தொற்றுடன் வாழும் ஆபிரிக்கப் பெண்கள் ருவாண்டாவின் கிகாலி நகரிற் கூடினர். ஆபத்தின் அளவை எமக்குக் கூறுங்கள், நன்மையின் அளவையும் கூறுங்கள், தெரிவை எம்மிடம் விடுங்கள் என்பதே அவர்கள் நிலைப்பாடு. மேலும் பல பிறப்புகள் கணக்கிற் சேர்ந்தபோது அந்த ஆபத்து முதலில் அஞ்சிய அளவில் இல்லை என்பது தெளிவாயிற்று. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தைப் பெண்களுக்கும் சேர்த்தே முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. படிப்பறிவு குறைந்தவர்கள் எனப் பலராற் கருதப்பட்ட பெண்கள், நிபுணர்களைவிடச் சரியாகக் கேள்வி கேட்டார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவளுக்கு இது வியப்பன்று. பின்வாங்கில் இருக்கும் பிள்ளையே சிலவேளை சரியான கேள்வியைக் கேட்கும்.

அந்த 2019 இலங்கைக்கும் ஒரு சிறப்பைத் தந்தது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய இரண்டும் பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் எம்மை அவ்வாண்டு டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2015இல் கியூபா உலகில் முதலாவதாக அப்பெயரைப் பெற்றது. எங்கள் வட்டாரத்தில் தாய்லாந்தும் மாலைதீவும் எமக்கு முன்னே பெற்றிருந்தன. கருவுற்ற தாய்மாரைத் தேடிச்சென்று பரிசோதனைக்கு அழைத்துவந்த மருத்துவ மாதரின் கால்களுக்கே அப்பெருமையிற் பெரும்பங்கு உரியது. ஆனால் அவ்வொழிப்புக்கு உலக அறிஞர் வகுத்த வழி நான்கு கூறுகளை உடையது. பெண்ணுக்குத் தொற்று வராமற் காத்தல் முதலாவது. தொற்றுள்ள பெண் விரும்பாத கருவைத் தவிர்க்க உதவுதல் இரண்டாவது. சேய்க்குப் பரவாமல் தடுத்தல் மூன்றாவது. தாயையும் குடும்பத்தையும் தொடர்ந்து பேணல் நான்காவது. மூன்றாவதற்குச் சான்றிதழ் உண்டு, விழா உண்டு. இரண்டாவதற்கு விழா எடுத்தவரை நான் கண்டதில்லை. குடும்பக்கட்டுப்பாட்டுப் பணியும் எய்ட்ஸ் பணியும் ஒன்றையொன்று அணைத்துச் செல்லவேண்டும் என்று 2004ஆம் ஆண்டு மே மாதத்திலே சுவிற்சர்லாந்தின் கிளியோனிற் கூடிய நிபுணர் வேண்டுகோள் விடுத்தனர். வேண்டுகோள் எழுதுவது எளிது. இரு வாயில்களையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருவதுதான் கடினம்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலிருந்து நகரத்துக்கு வரும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ஹேவாஹெட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ முதல் பஸ் பிடிக்கிறாள். ஒருநாட் பேர் போய்விட்டது. மருந்து வாங்கும் நிலையத்தில் ஒரு வரிசை. கருத்தடைக்கு வேறோர் இடம், வேறோர் நாள், வேறொரு வரிசை. அதற்கு இன்னொரு பேர் போகும். ஏன் அடிக்கடி நகரத்துக்குப் போகிறாள் என லயத்திற் கேட்பவர்க்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பொய் கூறவேண்டும். இரண்டு பேரையும் இழக்க இயலாதவள் எதனை விடுவாள்? உயிர் காக்கும் மருந்தை விடமாட்டாள். எனவே மற்றதை விடுவாள். அல்லது, ஒருமுறை செய்தால் மறுமுறை வரவேண்டாத அறுவைக்குத் தலையசைப்பாள். அத்தலையசைப்பை விருப்பமென்று பதிவேட்டில் எழுதிவிடலாம். என் தாயின் பெயரும் அவ்வாறே ஏதோ ஒரு பதிவேட்டில் விருப்பமென்று எழுதப்பட்டிருக்கும்.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். பிள்ளை வேண்டும் என்னும் பெண்ணும் உண்டு. மணமாகி ஓராண்டு கழிந்தால் 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேளாத உறவினர் எவர்? பிள்ளை இல்லாதவளை மலடி என்று தூற்றும் ஊரில், தொற்றை மறைத்து வாழும் ஒருத்திக்குப் பிள்ளையே அவளுடைய மறைவு. பெற்றால் எவரும் ஐயுறார். அவளுக்குக் கருத்தடையை வற்புறுத்துவது அவள் இரகசியத்தைத் தெருவிற் போடுவதற்குச் சமமாகலாம். அவளுக்கு வேண்டியது, எப்போது கருவுற்றால் நலம், வைரசின் அளவு அடங்கும் வரை எந்த முறையைக் கையாள்வது, அதனை எப்போது நிறுத்துவது என்ற ஆலோசனையே. கருத்தடை என்பது தாய்மைக்குப் பகை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். காலம் குறித்துத் தாயாவதற்கும் அதுவே கருவி.

இவ்வுரையைத் தயாரிக்கும்போது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிப் பக்கத்து மலைகளில் ஏறியிறங்கி ஓய்வுபெற்ற மருத்துவ மாது ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நோயுடைய பெண்களைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை, கூறவும் மாட்டார். தம் வேலையை எவ்வாறு செய்தார் என்பதை மட்டும் கூறினார். "வீட்டுக்குப் போனவுடன் கணவனைக் கடைக்கு அனுப்புவேன் டீச்சர். சீனி வாங்கிவரச் சொல்வேன், தேநீருக்கு. மாமியாருக்கு இரத்த அழுத்தம் பார்த்து வெளியே வெயிலில் உட்கார வைப்பேன். பிறகுதான் அந்தப் பிள்ளையிடம், மகள், உனக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று கேட்பேன்."

உடனே விடை சொல்வார்களா என்றேன்.

"இல்லை" என்றார். "முதல் தடவை எல்லாரும், நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன் என்றுதான் சொல்வார்கள். மூன்று நான்கு தடவை போகவேண்டும். சீனிக்கும் நானே காசு கொடுப்பேன்."